சாம்பல் படையின் தளபதி

அவருடைய அலமாரியில் இல்லாத நிறம் கிடையாது. அவருடைய படையில் இருப்பதோ ஒரே நிறம், அச்சிலிருந்து வந்த பிளாஸ்டிக்கின் சாம்பல். நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டு, பிரிட்டனுக்கு இப்படியொரு மனித ரகத்தையும் சேர்த்தே அளித்தது. இந்த விளையாட்டில் பொம்மை வீரர்களை வெட்டியெடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிப்பது வாங்கியவர் பொறுப்பு. நம் தளபதி வெட்டுவார், ஒட்டுவார். மூன்றாவது வேலைக்கு வரும்போது ஆராய்ச்சியாளராகிவிடுவார். மெஃபிஸ்டன் ரெட் டப்பாவையும் ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட் டப்பாவையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுவார். முடிவில் இரண்டையும் வாங்கிக்கொண்டு, நடுவில் இன்னொரு சிவப்பு இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வீடு திரும்புவார். அவரைச் சோம்பேறி என்று சொல்வது அபாண்டம். இவ்வளவு உழைக்கும் சோம்பேறி உலகத்தில் இல்லை. அவருடைய கோளாறு வேறு: பிரஷ் முனையில் மட்டுமே கிடைக்கும் விடையை அவர் கடை அலமாரியில் தேடுகிறார்.

இதற்கு விஞ்ஞானச் சான்றே உண்டு. 19-ஆம் நூற்றாண்டில், பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சித்திரத் திரைச்சீலைகளுக்குப் போடும் கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் கிளம்பியது. சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரேல் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839-இல் இதைப் பற்றி அவர் பெரிய புத்தகமே வெளியிட்டார். இந்தக் குட்டிப் பொம்மைகளிலோ பக்கத்து நிறம் மட்டுமல்ல, அடியில் இருப்பதும் மேலே வருவதும் சேர்ந்து குழப்பும். பிரைமர் என்ற அடிப்பூச்சு கறுப்பாக இருந்து அதன் மேல் மஞ்சள் அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். வெள்ளை மேல் அதே மஞ்சள் பளிச்சிடும். அதற்கு மேல் நுல்ன் ஆயில் என்ற நீர்த்த கறுப்புப் பூச்சை ஓடவிட்டால் பள்ளங்களில் நிழல் விழும். மேட்டுப் பகுதியும் ஒரு படி மங்கும். இத்தனைக்கும் பிறகு, விளக்கடியில் ஒற்றைக் கண்ணால் கண்டுபிடித்த வித்தியாசம், கட்டைவிரல் உயர வீரனின் தோள்பட்டையில், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிராளிக்குத் தெரியவா போகிறது?

தளபதிக்கும் வாதம் உண்டு. “ஒரு வீரனில் தப்பு செய்தால் போகட்டும், ஐம்பது பேரிலும் அதே தப்பைச் செய்ய வேண்டுமே!” என்பார். நியாயம்தான். ஆனால் அதற்கு மருந்து, மூன்று வீரர்களுக்கு மூன்று விதமாக அடித்துப் பார்ப்பது. மாப்பிள்ளைக்கு வழுக்கை விழும்வரை பத்துப் பொருத்தம் பார்ப்பதல்ல. தவிர, அவர் பயப்படுகிற அளவுக்கு அந்தக் கற்பனை உலகமே கண்டிப்பானதும் அல்ல. அல்ட்ராமரைன்கள் நீலம், பிளட் ஏஞ்சல்கள் சிவப்பு, இம்பீரியல் ஃபிஸ்டுகள் மஞ்சள் என்று ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் நிறம் விதித்த கையோடு, விரும்பினால் சொந்தமாக ஒரு படைப்பிரிவையே கற்பித்து விரும்பிய நிறம் கொடுக்கலாம் என்ற சலுகையும் இருக்கிறது. டார்க் ஏஞ்சல்கள் என்ற பிரிவின் கதையைப் பார்த்தால், கறுப்புக் கவசத்தில் தொடங்கியவர்கள் பிற்பாடு பச்சைக்கு மாறினார்கள். அவர்களே மாற்றிக்கொண்டார்கள், இவர் முதல் நிறத்துக்கே வரவில்லை. வேலையைச் சுருக்க 2019-இல் கான்ட்ராஸ்ட் பெயின்ட் வந்தது: ஒரே பூச்சில் நிறமும் நிழலும். தளபதி கரையேறிவிடுவார் என்று பார்த்தால், கான்ட்ராஸ்டா பழைய முறையா என்ற புதிய கேள்வி அவருக்குக் கிடைத்தது.

“பொழுதுபோக்குதானே, டப்பா சேர்ப்பதில் அவருக்குச் சந்தோஷம் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். அவருக்குத்தான் நஷ்டம். 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பின் விதிப்படி, மொத்த 100 புள்ளிகளில் 10 புள்ளி முழுப்படைக்கும் பெயின்ட் அடித்தவருக்குக் கிடைத்தது. பகடை உருள்வதற்கு முன்பே நம் ஆள் பத்துப் புள்ளி பின்னால் நின்றார். சேர்ப்பதே நோக்கமாக இருந்தால் அதுவும் ஒரு கலைதான். ஆனால் அவரைக் கேட்டால், “அடுத்த வாரம் ஆரம்பித்துவிடுவேன்” என்றுதான் சொல்வார். சந்தோஷமாக இருப்பவர் தவணை கேட்க மாட்டார். இவ்விஷயத்தில் அவருக்கு நல்ல ஆசான் அதே விளையாட்டில் வரும் ஆர்க் இனம்தான். படிப்பு வாசனை அறியாத கூட்டம். சிவப்பு பூசினால் வண்டி வேகமாக ஓடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எந்தச் சிவப்பு என்று ஒரு ஆர்க்கும் கேட்டதில்லை. கையில் கிடைத்த சிவப்பை அப்பிக்கொண்டு போருக்குக் கிளம்பிவிடுகிறார்கள், வண்டியும் ஓடுகிறது.