சஸ்பென்ஷன் சார்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரகடம் சாலையோரம், கார் ஏற்றும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிளைத் தள்ளிப் போகிறவர்தான் சஸ்பென்ஷன் சார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால் வரை கம்பெனிக்கு ஒருவராவது தேறுவார்.

வார நாட்களில் இவருக்குக் காரின் அதிர்வைக் குறைக்கும் வேலை. டாஷ்போர்டு லேசாக நடுங்கினாலும் ராத்தூக்கம் போய்விடும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, நிஸான், ராயல் என்ஃபீல்டு என வண்டிகளாகப் பிறக்கும் வட்டாரம் இது. அவற்றை ஓட்டிச் சோதிக்க குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் ஒரகடத்திலேயே தடங்கள் போட்டு வைத்திருக்கிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் சொகுசு செய்து கொடுத்துவிட்டு, ஞாயிறன்று இவர் ஏறி உட்காருவது பழைய ரோடு பைக்கில். அலுமினிய ஃபிரேம், 23 மில்லிமீட்டர் டயர், 120 பிஎஸ்ஐ காற்று. சாலையில் கிடக்கும் காசின் மேல் ஏறினால் பூவா தலையா என்று முதுகெலும்பே சொல்லிவிடும்.

வலிக்கு மருந்து தேடுவதிலும் கம்பெனிப் பழக்கம் விடவில்லை. மீன்முள் வரைபடம் போட்டார். ஐந்து முறை 'ஏன்' கேட்டார். குற்றவாளி சீட்தான் என்று முடிவாயிற்று. ஜெல் கவர் வந்தது. இடுப்பெலும்பு அதில் புதைந்து, அழுத்தம் படக்கூடாத இடத்தில் பட்டது. அடுத்து பேட் வைத்த அரைக்கால்சட்டை. "என்னங்க இது, பாப்பாவோடதா?" என்றார் மனைவி. பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கல் பாவிய சாலைக்காக ஹேண்டில்பாரில் டேப்பை இரட்டையாகச் சுற்றுவார்களாம், இவரும் சுற்றினார். கை மரத்துப்போவது குறைந்தது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பிறகு 27.2 மில்லிமீட்டர் கார்பன் சீட் போஸ்ட். அதன் விலையை வீட்டில் பாதியாக்கிச் சொன்னார்.

கடைசியில் வழி சொன்னது பஞ்சர் கடை. கடைக்காரர் கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்தார்.

"சார், கல்லு மாதிரி இருக்கு. காத்தக் கொஞ்சம் எறக்குனா என்ன?"

"இறுக்கமா இருந்தாத்தாம்பா ஸ்பீடு."

உலகமே வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. ஆனால் கரடுமுரடான சாலையில் கல் போன்ற டயர் ஒவ்வொரு மேட்டிலும் ஆளையும் வண்டியையும் தூக்கிப் போடும். மிதித்த சக்தியில் ஒரு பங்கு உடம்பைக் குலுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பந்தய வீரர்களே 23-ஐக் கைவிட்டு, காற்றைக் குறைத்து ஓட்ட வசதியான 25-க்கும் 28-க்கும் போய்விட்டார்கள். இத்தனைக்கும் காற்றடைத்த டயர் வந்ததே சுகத்துக்காகத்தான். 1880-களின் இறுதியில் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடட்டும் என்றுதான் அதைச் செய்தார்.

சார் 28 வாங்க முடிவெடுத்தார். ஒரகடத்தில் அப்போலோ டயர் ஆலையே இருந்தாலும் சைக்கிள் டயர் கூரியரில்தான் வந்து சேர்ந்தது. வந்தது பழைய பிரேக்கின் இடுக்கில் நுழையவில்லை. 25-க்கு இறங்கி வந்தார். பின்னால் 90 பிஎஸ்ஐ, முன்னால் 80. எழுபது கிலோக்காரருக்கு அது போதும். அன்றுதான் முதல்முறையாக வாலாஜாபாத் வரை முனகாமல் போய் வந்தார்.

அத்தோடு விட்டாரா? ஹேண்டிலை உயர்த்தினார். ஸ்பிரிங் வைத்த தோல் சீட் மாட்டினார். அகல டயர், ஸ்பிரிங் சீட், நிமிர்ந்து உட்காரும் வசதி எல்லாம் அப்பாவின் ஹெர்குலிஸில் அப்போதே இருந்தன. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டி அது. பழைய இரும்புக்காரரிடம் அதைப் போட்டவரும் சார்தான்.

பழைய ரோடு பைக் வைத்திருப்பவர்கள் சீட்டுக்கும் போஸ்ட்டுக்கும் பணம் கொடுக்கும் முன் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பாருங்கள். பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடம் எவ்வளவு என்று அளந்துவிட்டு டயர் வாங்குங்கள்.