பழுதும் பரிகாரமும்: வீட்டு பிளான் மென்பொருள் பற்றிய ஓர் ஆய்வு

வீட்டு பிளான் வரையும் மென்பொருளில் தோன்றும் பழுதுக்கு ஆயுள் சில நிமிடம். அதற்குச் செய்யும் பரிகாரத்துக்கோ அந்த வீடு இடியும்வரை ஆயுள். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கிளைக் கருதுகோள் ஒன்றும் உண்டு: எந்தப் பரிகாரமும் பிறந்த இடத்தில் இருப்பதில்லை. திரையில் பிறந்து, தாளில் வளர்ந்து, சைட்டுக்குக் குடிபெயர்ந்து, கடைசியில் பாத்ரூமில் போய் அடங்குகிறது. ஆய்வுலகம் பாத்ரூமை உரிய மரியாதையோடு நோக்காததால்தான் இவ்வுண்மை இத்தனை காலம் மறைந்துகிடந்தது என்பது எமது துணிபு.

ஆய்வெல்லையை முதலிலேயே சொல்லிவிடுவோம். 30க்கு 40 மனை, அதாவது 1200 சதுர அடி, அரை கிரவுண்டு. அதில் ஒரு குடும்பம் வங்கிக் கடனில் கட்டும் தனி வீடு. அடுக்குமாடி, ஐ.டி. பூங்கா, மேம்பாலம் எல்லாம் இவ்வாய்வுக்குப் புறம்பு. அங்கே பிழை செய்யவே ஒரு குழு சம்பளம் வாங்குகிறது. இங்கே இருப்பது ஒரு டிராஃப்ட்ஸ்மேன், ஒரு பழைய கம்ப்யூட்டர், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து "அந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்னும் வீட்டுக்காரர்.

வரலாறு இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை ஆதலால் வரலாறு. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்னும் ஆய்வு மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலைச் செய்துகாட்டினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டு, இந்த இரண்டும் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் அவை இணையாக நின்றன. 1982 டிசம்பரில் ஆட்டோகேட் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் ஆர்க்கிகேடைக் கொண்டுவந்த கிராஃபிசாஃப்ட், அதே ஆண்டு புடாபெஸ்டில் தொடங்கப்பட்டது. 2000இல் வெளிவந்த ரெவிட்டை 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கிக்கொண்டது. சதர்லண்ட் கோட்டுக்குக் கட்டளை இட்டார். நம் டிராஃப்ட்ஸ்மேன் கோட்டிடம் கெஞ்சுகிறார். இடையில் நடந்தது முன்னேற்றம்.

இனி, பழுது கண்டவிடத்துச் செய்யத்தக்கது யாது? இதில் பல மதங்கள் உள. மூத்தது 'மூடித் திற' மதம். மென்பொருளை மூடித் திற. போகவில்லையா, கம்ப்யூட்டரை அணைத்துப் போடு. காரணம் கேட்பது இம்மதத்தில் குற்றம். அடுத்தது 'ரீஜென்' மதம்: வட்டம் பலகோணமாகத் தெரிந்தாலும், போட்ட கோடு காணாமற் போனாலும், வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும் ஆர், இ, என்டர். வட்டத்துக்கு இது உண்மையிலேயே வேலை செய்யும். அந்த ஒரு வெற்றியில்தான் மதமே நிற்கிறது. மூன்றாவது, கூடு விட்டுக் கூடு பாயும் மதம். ஃபைல் படுத்தால் எல்லாவற்றையும் அள்ளிப் புது ஃபைலில் ஒட்டுவார்கள். பழைய ஃபைலின் லேயர்களும் ஸ்டைல்களும் கூடவே வந்துவிடும். உடம்பு புதிது, வினை பழையது.

முறையான வைத்தியமும் இருக்கிறது. ஆடிட் என்று அடித்தால் ஃபைலின் பிழைகளைத் தேடித் திருத்தும். திறக்கவே மறுக்கும் ஃபைலுக்கு ரிகவர். வேண்டாத குப்பைக்குப் பர்ஜ். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளுக்கு ஓவர்கில். எல்லாம் போனாலும் பக்கத்தில் ஒரு பேக் ஃபைல் கிடக்கும். அதன் வாலை மாற்றினால் முந்தைய சேமிப்பு உயிர்த்தெழும். இவை நோயைக் குணப்படுத்திவிடுவதால் ஆய்வுக்கு உதவாதவை. விடுக.

ஆய்வுக்குரியது ஹேட்ச். சுவர்களுக்குள் செங்கல் கோடு நிரப்ப வேண்டும். சுவருக்குள் சொடுக்கினால், மூடிய எல்லை இல்லை என்கிறது மென்பொருள். கண்ணுக்கு எல்லாம் மூடித்தான் இருக்கிறது. சமையலறையின் அக்னி மூலைக்குப் போய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கோடுகளும் தொட்டுக்கொண்டு நிற்கும். இன்னும் பெரிதாக்குங்கள், அப்போதும் தொடும். மவுஸ் சக்கரம் தேயுமளவுக்கு உருட்டிய பிறகு தெரியும், இடையில் ஒரு மயிரிழை வெளிச்சம். அந்த மயிரிழைக்காக மொத்தச் சுவரையும் நிரப்ப மறுக்கும் நேர்மை, ஒரு தட்டு மணல் குறைந்தாலும் கேட்காத இத்தொழிலில் அபூர்வம்.

உரிய வைத்தியம்: ஃபில்லெட் கட்டளையை ஆரம் சுழி வைத்து இரண்டு கோட்டையும் சொடுக்கினால் மூலை கூர்மையாகச் சேர்ந்துவிடும். சில நொடி வேலை. நடைமுறைப் பரிகாரம் வேறு. பழைய கோடுகளின் மேலேயே புதிதாக ஒரு பாலிலைன் வரைந்து, அதற்குள் ஹேட்சை நிரப்பி, பாலிலைனைத் தூக்கி டிஃப்பாயின்ட்ஸ் லேயரில் போட்டுவிடுவது. அளவுக்கோடு போட்டதுமே தானாக முளைக்கும் லேயர் அது. திரையில் தெரியும், பிரிண்டில் வராது. இந்தக் குணம் ஒன்றுக்காகவே அதை ஒவ்வோர் அலுவலகமும் பரணாக்கி வைத்திருக்கிறது. கைவிட்ட சுவர், வேண்டாத ஜன்னல், மாமியார் வேண்டாமென்ற தூண் எல்லாம் அங்கே கிடக்கும். பிறகு வீட்டுக்காரர் சுவரைத் தள்ளச் சொல்வார். சுவர் தள்ளும், பரணில் இருக்கும் பாலிலைன் தள்ளாது. சுவர் ஓரிடம், செங்கல் ஓரிடம் என வீடு இரண்டாகும். ஹேட்ச் பரப்பை வைத்துச் செங்கல் கணக்கெடுப்பவர் இரண்டாவது வீட்டுக்குத்தான் செங்கல் சொல்லுவார்.

சில்லறைப் பழுதுகள் சிலவற்றை விரைந்து கடப்போம். 'பூஜை அறை' என்று தமிழில் அடித்தால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும், அந்த எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருவில் தமிழே கிடையாது. எழுத்துருவை மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதிவிடுவது மரபு. 3டியில் தரையும் டைல்ஸும் ஒரே மட்டத்தில் இருந்தால் இரண்டும் மாறி மாறி மினுங்கும்; டைல்ஸை ஒரு நூல் தூக்கிவிட்டால் சரியாகும். அங்குலத்தில் வரைந்த வீட்டில் மில்லிமீட்டரில் வரைந்த சோபாவை இறக்கினால் அது 25.4 மடங்கு பெருக்கும். 7 அடி சோபா 177 அடியைத் தாண்டி மனையைக் கடந்து அடுத்த தெருவில் கால் நீட்டும். யூனிட்டைத் திருத்துவார் இலர். கண்ணுக்குச் சோபா மாதிரித் தெரியும்வரை சுருக்குவார்கள். பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே சுருங்கும், ஏனெனில் சோபா சிறுத்தால் ஹால் பெருத்துத் தெரியும், வீட்டுக்காரர் முகம் மலரும்.

படிக்கட்டுக்குத் தனி அத்தியாயம் தகும். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். படிக்கு 6 அங்குலம் என்றால் 20 படி. மென்பொருளின் படிக்கட்டுக் கருவி அழகாக 20ஐப் போட்டுத் தரும். லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டு ஏறி நஷ்டத்தில் முடியும் வீட்டில் யார் குடியிருப்பது? 21 வேண்டும். கருவியில் 21 என்று கொடுத்தால் அதுவும் போடும்; படிக்கு 5.714 அங்குலம் என்று காட்டும். அந்தப் பின்னத்தைக் கண்டு மிரண்ட டிராஃப்ட்ஸ்மேன் 20ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் ஒரு பெட்டியை வரைந்து ஒட்டுகிறார். பிளானில் எண்ணினால் 21, லாபம். செக்‌ஷனில் பார்த்தால் முதல் படி தரைக்குள் புதைந்து கிடக்கும், ஆனால் செக்‌ஷனை யார் பார்க்கிறார்கள்?

மேஸ்திரி பார்க்கிறார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படிக்கு ஐந்தே முக்கால் அங்குலம் என்று சுவரில் கோடு போடுகிறார். 20 படிக்கு 115 அங்குலம் ஆயிற்று. கடைசிப் படிக்கு 5தான் மீதி. அந்த முக்கால் அங்குலத்தில் அவ்வீட்டார் எல்லோரும் ஒருமுறையேனும் தடுக்கியிருப்பார்கள், விருந்தாளிகள் தவறாமல். படி ஒன்று கூடியதால் மிதிபலகை ஒன்று, 10 அங்குலம், நீளமும் கூடியது. அது போய் மறித்தது எதை? படிக்கு அடியில் இருந்த டாய்லெட்டின் வாசலை. கிளைக் கருதுகோளுக்கு முதற்சான்று இது.

இரண்டாம் சான்று இன்னும் வலியது. அதுவே அளவுக்கோட்டுப் பரிகாரம்.

மனையடி சாஸ்திரத்தில் அறையின் உள்ளளவு 10 அடி, 11 அடி என்றால் நன்று. 12 முதல் 15 வரை ஆகாது. 16, 17 மறுபடி நன்று. நம் வீட்டின் பெட்ரூம் வரைந்து முடித்தபோது 10 அடி 9 அங்குலம் வந்தது. வரிசை இப்படி: 9 அங்குலச் சுவர், பெட்ரூம், நாலரை அங்குலச் சுவர், 4 அடி பாத்ரூம், மறுபடி 9 அங்குலச் சுவர். மொத்தம் 16 அடி ஏழரை அங்குலம். சுவரை நகர்த்தினால் ஹேட்ச் போகும், கதவு போகும், மேல்தளத்துத் தூண் கேள்வி கேட்கும். அளவுக்கோட்டை இருமுறை சொடுக்கி, 10 அடி 9 அங்குலத்தை அழித்து 11 அடி என்று கையால் எழுதினால் ஒன்றும் போகாது. ஆட்டோகேட் தடுக்காது. அளவு தானே வரவேண்டுமானால் அங்கே இரண்டு கோண அடைப்புகள் இருக்க வேண்டும். அவற்றை அழித்துவிட்டு நீங்கள் எதை எழுதினாலும் அதுவே அளவு.

ரெவிட் இவ்விஷயத்தில் கறார்ப் பேர்வழி. அளவை மறைத்து வேறு எண் எழுதப் போனால், எண் கூடாது, வேண்டுமானால் சொல் எழுதிக்கொள் என்று மறுத்துவிடும். மனித குலம் இதற்கும் வழி கண்டது. எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை நுழைத்துவிட்டால், மொத்தத்தையும் சொல் என்று ரெவிட் நம்பிவிடும். பொய் சொல்லாத இயந்திரத்தைச் செய்ய எத்தனை பேர் எத்தனை ஆண்டு உழைத்தார்களோ, அதைத் தோற்கடிக்க ஓர் எழுத்து போதும், அதுவும் இல்லாத எழுத்து.

சைட்டில் நூல் பிடித்தபோது மேஸ்திரி போன் போட்டார்.

"சார், தனித்தனியா கூட்டினா பதினாறடி பத்தரை வருது. மொத்தம் பதினாறடி ஏழரைன்னு போட்டிருக்கீங்க. மூணு இஞ்ச் உதைக்குது. எதுல குறைக்க?"

"பெட்ரூம் பதினொண்ணு கண்டிப்பா வேணும் மேஸ்திரி. வாஸ்து பார்த்திருக்காங்க."

"அப்ப பாத்ரூம்லதான் கை வைக்கணும்."

"வைங்க."

கை வைத்தார். பாத்ரூம் 3 அடி 9 அங்குலம் ஆனது. குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்த அகலம் 1.2 மீட்டர். 4 அடி அதைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் வைத்திருந்தது. 3 அடி 9 அங்குலம் என்பது 1.143 மீட்டர். இரு பக்கமும் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து இன்னும் இரண்டு அங்குலத்தைச் சாப்பிட்டன. இரண்டரை அடிக் கதவைத் திறந்தால் கமோடில் இடித்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். இப்போது அது பெட்ரூமின் அலமாரியை மறிக்கிறது. அலமாரியிலிருந்து துண்டை எடுக்க வேண்டுமானால் பாத்ரூமில் யாரும் நுழையவோ வெளியே வரவோ கூடாது.

கிரகப்பிரவேசத்துக்கு முன் வாஸ்துக்காரர் வந்து டேப் பிடித்தார். பெட்ரூமிலும் பூச்சு ஓர் அங்குலம் தின்றிருந்ததால் 10 அடி 11 அங்குலம் காட்டியது. வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். "கால் அடி, அரை அடி முன்னப்பின்ன இருக்கலாம், தோஷமில்லே" என்று டேப்பைச் சுருட்டினார் அவர். அந்தக் கணக்கில் முதலில் வரைந்த 10 அடி 9 அங்குலமே தேர்ச்சி பெற்றிருக்கும். ஆய்வாளனுக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை இல்லை.

முதன்மைக் கருதுகோளுக்கும் சான்று இதே ஃபைலில் கிடைக்கிறது. அடுத்த வாடிக்கையாளர் வந்தார். அவருக்கும் அரை கிரவுண்டு, கிழக்குப் பார்த்த மனை. டிராஃப்ட்ஸ்மேன் பழைய ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, சேவ் ஆஸ் கொடுத்தார். ஸ்ட்ரெச் கட்டளையால் பெட்ரூமை 10 அடிக்குச் சுருக்கினார். சுவர் நகர்ந்தது, கதவு நகர்ந்தது, ஹால் ஒன்பது அங்குலம் கூடியதாக அதன் அளவுக்கோடு தானே மாறிக்கொண்டது. பெட்ரூமின் அளவுக்கோட்டில் மட்டும் 11 அடி அப்படியே நிற்கிறது. பிரிண்ட் போய்விட்டது.