ஒன்றரை மணித்தியாலப் பயணம்

கட்டுநாயக்கவுக்கும் மாலேக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 775 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு அது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த வேலை. ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, மெல்ல இறங்குவது எல்லாம் சேர ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது.

இரண்டும் தீவு விமான நிலையங்கள்தாம். தீவுக்குத் தீவு அளவுதான் வேறு. மாலைதீவின் வெலானா நிலையம் ஹுல்ஹுலே என்ற சின்னத் தீவில் இருக்கிறது. ஓடுபாதையை விட்டு நாலெட்டு வைத்தால் கடல். இலங்கையிலோ கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போவதே தனிப் பயணம். வாழைச்சேனையிலிருந்து மாலேக்கு வேலைக்குப் போகிறவருக்கு 775 கிலோமீட்டர் கணக்கு கட்டுநாயக்கவில்தான் தொடங்குகிறது.

மட்டக்களப்பு விமான நிலையம் வாழைச்சேனைக்குத் தெற்கே 30 கிலோமீட்டரில், திமிலைதீவுப் பக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே தீவு உண்டு. 2018இல் பொதுமக்கள் பயணத்துக்கும் திறந்தார்கள். சிறு விமானங்கள் இறங்கும் இடம் அது. மாலேக்குப் போகிறவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

வாழைச்சேனைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 200 கிலோமீட்டர். அவரை ஏற்றிப்போகும் வான் வண்டி நேர்கோட்டில் ஓடுவதில்லை. ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, புணானை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு போவதில் 250ஐத் தாண்டிவிடும். ஆறு மணித்தியாலம் வேண்டும். வெலிக்கந்தைப் பக்கம் யானை வீதிக்கு வந்தால், அது யோசித்து விலகும் நேரத்தையும் கூட்ட வேண்டும். அதற்குச் சூத்திரம் கிடையாது.

போகிறவர் ஒருவர் என்றாலும் வானில் ஏறுகிறவர்கள் பதினொரு பேர். மாமி ஹபரணையில் பிளேன்டீ கேட்பார்; சின்ன மகன் தம்புள்ளையில் வாந்தி எடுப்பான். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னரே நிற்க வேண்டுமென்பதால் காலை எட்டு மணி விமானத்துக்கு முதல்நாள் இரவு பத்துக்கே ஊரை விட்டுவிடுவார்கள். கைப்பையில் தாயார் வைத்த தயிர்முட்டி சோதனை மேசையில் நிற்கும். திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது. மட்டக்களப்புத் தயிரை முட்டியோடு கவிழ்த்தாலும் விழாது, இது திரவமே அல்ல என்று வாதாடலாம், எடுபடாது. பெரிய பெட்டிக்குள் போன கருவாட்டுப் பொட்டலம் தப்பிவிடும். மாசி விளையும் நாட்டுக்குக் கருவாடு கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், ஆனால் தாய்மாரிடம் யார் சொல்வது?

இனி மணிக்கூடு. மாலைதீவு நேரம் இலங்கைக்கு அரை மணித்தியாலம் பின்னால். எட்டு மணிக்கு ஏறியவர் அங்கே ஒன்பதுக்கு இறங்குவார். பயணச்சீட்டுப்படி ஒரு மணித்தியாலம்தான். திரும்பும்போது எட்டுக்கு ஏறினால் பத்து. இதில் மோசடி ஏதுமில்லை. வாழைச்சேனைக்கும் மாலேக்கும் தீர்க்கரேகையில் எட்டுப் பாகை வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் என்று சூரியன் அங்கே சுமார் 32 நிமிடம் பிந்தித்தான் உதிக்கிறது.

வேலைத்தலம் வேறு தீவில் என்றால் அதன்பின் படகு. புதிதாக வந்தவர் படகுத்துறையில் குந்தியிருக்கும் அந்த நேரத்தில், வழியனுப்ப வந்த வான் பொலன்னறுவையைக்கூடத் தொட்டிருக்காது.