ஐந்து பாலத்துச் சைக்கிள்காரர்

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் அரை மணி. மோட்டார் சைக்கிளில் இருபது நிமிஷம். வாலிபப் பையன் ஒருவன் சைக்கிளை அழுத்தி மிதித்தால் முக்கால் மணியில் தஞ்சாவூர் எல்லையிலுள்ள கரந்தையைப் பிடித்துவிடுவான். நம் சைக்கிள்காரருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகும். அதுவும் வழியில் பஞ்சர் ஆகாமல், தெரிந்தவர் வீட்டில் கல்யாணம் காட்சி எதுவும் குறுக்கிடாமல் இருந்தால்.

முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்று நினைத்துப் பரிதாபப்பட வேண்டாம். வயது எழுபதை நெருங்கினாலும் கால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. தாமதமெல்லாம் வாயால் வருவது.

காவிரிக் கரையில் ஊருக்கு ஒருவராவது இந்த மாதிரி இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவராகவோ, ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராகவோ, தபால்காரராகவோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். பென்ஷன் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒரு ஸ்கூட்டரும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அது வாசல் கொட்டகையில் நிற்கிறது. "பய ஆசையா வாங்கிக் குடுத்தான், நிக்கிது" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. சித்திரை, வைகாசியில் வீட்டு அம்மாள் அதை வெயிலுக்கு நகர்த்தி, மேலே போர்த்திய தார்ப்பாயில் வடாம் காயப்போடுகிறார். அந்த ஸ்கூட்டர் செய்யும் ஒரே வேலை அது.

அவருடைய வண்டி ஹெர்குலிஸ். கறுப்பு. செயின் கவர், டைனமோ, பின்னால் ஸ்பிரிங் வைத்த கேரியர், இரண்டு ஹப்பிலும் பச்சைக் குஞ்சம். 1974-ல் வாங்கியதாம். அதன் பிறப்பு வளர்ப்பை அவரே சொல்வார்: இந்தியா சுதந்திரம் அடைந்த இரண்டாம் வருஷம், 1949-ல், முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்துக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள், தொழிற்சாலை அம்பத்தூரில். "அம்பத்தூர் சரக்கு தம்பி, அம்பது வருஷமா அப்பிடியே இருக்கு." கொஞ்சம் குடைந்து கேட்டால், ரிம் இரண்டும் மாற்றியது, செயின் நாலாவது, சீட் மகன் கல்யாணத்தின்போது போட்டது, ஹேண்டில்பார் ஒரு மாட்டு வண்டியில் மோதியதால் வாங்கியது, பெடல் போன தீபாவளிக்கு என்று ஒவ்வொன்றாக வரும். பிரேம் மட்டும்தான் அசல். அதற்கும் இரண்டு தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஆனாலும் அப்படியேதான் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. நாமும் கிளறக் கூடாது.

காலை ஆறரைக்குக் கிளம்புவார். முதலில் பெருவிரலால் இரண்டு டயரையும் அமுக்கிப் பார்ப்பது. மஞ்சள் பையை ஹேண்டில்பாரில் மாட்டுவது. குடையைக் குறுக்குக் கம்பியோடு சேர்த்துச் சொருகுவது. வேட்டியை மடித்துக் கட்டி, செயின் பக்கத்து நுனியை மட்டும் இடுப்பில் இன்னொரு தரம் இறுக்கிச் செருகுவது. பிறகு இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை மூன்று முறை தள்ளி, நாலாவது தள்ளலில் காலைப் பின்னால் வீசி ஏறுவது. அந்த நாலாவது தள்ளலில் வாசலில் கோலம் போடும் எதிர்வீட்டுப் பெண் எப்போதும் ஓரடி நகர்ந்துகொள்வாள்.

தஞ்சாவூரில் அப்படி என்ன வேலை? நூறு கிராம் காப்பிப்பொடி. திருவையாற்றிலும் காப்பிப்பொடி அரைக்கிறார்கள். "அரைவை சரியில்ல" என்பார். எந்தக் கடை அரைவை என்று இதுவரை சொன்னதில்லை.

டெல்டாவில் மேடு என்றால் பாலம்தான். மற்றபடி பூமி ஒரே சமம். திருவையாற்றுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள். ஐந்திலும் அவர் இறங்குவார். கேட்டால், "பாலத்துல அழுத்தி மிதிச்சா செயின் இழுத்துடும்" என்று வண்டியின் மேல் பழி போடுவார். இறங்கியதும் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்ப்பார். இந்தச் சாய்ப்பில்தான் இரண்டேகால் மணி நேரத்தின் ரகசியம் இருக்கிறது.

காவிரிப் பாலத்தில் மட்டும் இருபது நிமிஷம் போய்விடும். ஜூன் பிறந்துவிட்டால் இன்னும் அதிகம். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அணையின் நீர்மட்டம் அவருடைய சட்டைப் பையில் இருக்கும், செய்தித்தாளிலிருந்து கிழித்த துண்டாக. முழு மட்டம் 120 அடி. தொண்ணூறைத் தாண்டிவிட்டால் அவர் குரல் ஏறும். எழுபதுக்குக் கீழே போனால் கர்நாடகத்திலிருந்து தொடங்கி, காவிரி நடுவர் மன்றம் வழியாக, மணல் லாரியில் வந்து நிற்பார். தண்ணீர் திறந்த மூன்றாம் நாளே பாலத்தில் நின்று மேற்கே பார்க்க ஆரம்பித்துவிடுவார். கல்லணைக்கு வந்து, அங்கே பூப்போட்டுத் திறந்து, பிறகுதான் இங்கே வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனாலும் பார்ப்பார். கீழே ஆற்று மணலில் ஆடு மேய்ப்பவர், "என்ன சார், வந்துடுச்சா?" என்று குரல் கொடுப்பார். "கல்லணையத் தாண்டலயே இன்னும்!" இந்தப் பதிலைச் சொல்வதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார் என்பது என் எண்ணம்.

குடமுருட்டிப் பாலத்தில் அவ்வளவு விஷயம் இல்லை. வெற்றிலை போட்டுக்கொள்வதோடு சரி.

கண்டியூரைத் தாண்டியதும் ஆரம்பிப்பதுதான் விசாரணைப் பகுதி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிறர் விவகாரத்தைத் தெரிந்துகொள்ள சைக்கிளைப் போல ஒரு வாகனத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நடந்து போகிறவர் பேச வேண்டுமானால் நிற்க வேண்டும். நின்றால் வம்புக்கு நிற்கிறார் என்று ஊர் சொல்லும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது. காரில் போகிறவரோ கண்ணாடியை ஏற்றிவிட்டார். சைக்கிளில் மட்டும்தான், வரப்பில் நிற்பவரைப் பார்த்து ஒரு கேள்வியை வீசிவிட்டு, அவர் யோசித்துப் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் காதெட்டும் தூரத்திலேயே போய்க்கொண்டிருக்கலாம். வேலையாகப் போகிறார் என்ற மரியாதையும் கெடாது.

ஒருநாள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பையன் அவரைக் கடந்து போயிருக்கலாம். மரியாதைக்காக வேகத்தைக் குறைத்து, "வரேங்க சார்" என்றான். தவறு செய்துவிட்டான்.

"யாரு, கீழத்தெரு பாப்பா மவனா? எங்கடா தம்பி காலங்காத்தால?"

"தஞ்சாவூருக்குங்க சார்."

"தஞ்சாவூர்ல எங்க?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

"யாருக்கு? ஆத்தாளுக்கா?"

"எனக்குத்தாங்க. பல்லு வலிங்க."

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

கேள்வி பாதியில் இருக்கும்போது பெரியவரை முந்திக்கொண்டு போவதாவது! பையன் இரண்டாம் கியரில், கிளட்சை அமுக்கியும் விட்டும், அவர் பக்கத்திலேயே ஊர்ந்தான். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் வைத்தியம் வேறு வேறு. கிராம்பு வைத்தாயா? வேப்பங்குச்சியில் விளக்குகிறாயா, பேஸ்டா? உன் தாத்தாவுக்குக் கடைசி வரை முப்பத்திரண்டும் இருந்ததே. அவர் கரும்பை எப்படிக் கடிப்பார் தெரியுமா? பள்ளியக்கிரகாரம் வந்து, வெண்ணாற்றுப் பாலத்தில் இவர் இறங்கியபோது பையனும் இறங்கினான். இப்போது வலியே இல்லை என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான். "பாத்தியா, பேசிக்கிட்டே வந்தா வலி தெரியாது" என்றார் நம்மவர், பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தவரிடம்.

அவருக்கும் ஒரு எதிரி உண்டு. உளுந்து. சம்பா அறுத்த பிறகு வயலில் உளுந்தும் பயறும் விளைந்ததும், செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போவதில் காய் வெடித்துப் பயறு உதிரும், கூலியில்லாத போரடி. இதில் சைக்கிளுக்குத்தான் இரண்டு பக்கமும் நஷ்டம். சைக்கிள் ஏறினால் ஒரு காய்கூட வெடிக்காது. ஆனால் கொடி மட்டும் ஃப்ரீவீலுக்கும் செயினுக்கும் நடுவில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இறங்கி, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு இழையாக உருவ வேண்டும். கிரீஸ் கையோடு நிமிர்ந்து, "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுக் களமா?" என்று கத்துவார். ரோட்டோரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள் அசைய மாட்டார். "சார் வண்டி என்னைக்கும் இங்க மாட்டுறதுதானே" என்பார். கோபம் அவ்வளவுதான். அடுத்த கேள்வி, "கண்டுமுதல் எத்தனை? மாவுக்கு எவ்வளவு தேறுது?"

பதில் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. தெரிந்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்பவர் அவரைப் புரிந்துகொள்ளாதவர். அந்தக் கணக்கு அம்மன்பேட்டை டீக்கடையில் இறங்கும். அங்கிருந்து மூன்று ஊருக்குப் போகும். சாயங்காலம் வியாபாரி வந்து விலையைக் குறைத்துக் கேட்டால், அந்த அம்மாளுக்கு அக்கம்பக்கத்து விலை தெரிந்திருக்கும். இதை அவர் சேவை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது பொழுதுபோக்கு.

சாயங்காலம் திரும்பும்போது நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும். அரசு கொடுத்த இலவசச் சைக்கிள்களில் பிள்ளைகள் மூன்று பேர் நான்கு பேராக ரோட்டை அடைத்துக்கொண்டு வருவார்கள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம், பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. யாரும் நியமிக்காமலே இவர் அந்தச் சைக்கிள்களுக்கு இன்ஸ்பெக்டர். "ஏம்மா, முன் சக்கரம் கோட்டம் அடிக்குது, கடையில குடுத்து எடு." "டேய், சீட்ட ஏத்தி வை, முழங்கால் ஹேண்டில்பார்ல இடிக்கிது பாரு." எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சரித்திரப் பாடம்: அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் லைசென்ஸ் உண்டு, பஞ்சாயத்தில் பணம் கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும், ராத்திரியில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும், போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்டுவிடுவார். பிள்ளைகள் "சரிங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே டபுள்ஸ் போவார்கள்.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது பற்றி அவருடைய கருத்து மிக முற்போக்கானது. இப்போது. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தபோது, கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் அங்கன்வாடிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். பலர் ஆம்பளைச் சைக்கிளையே விரும்பினார்களாம், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று. "நான் அப்பவே சொன்னேன், இதுதான் சரின்னு" என்பார் நம்மவர். இதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போதெல்லாம் உள்ளே அம்மாளுக்கு இருமல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேறொரு ஜாதிச் சைக்கிள்காரர்கள் எதிர்ப்படுவார்கள். தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்குப் போகிற டாக்டர்கள், என்ஜினீயர்கள். இறுக்கமான சட்டை, தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தண்ணீர் குடிக்க நின்ற ஒருவரிடம் மாட்டிக்கொண்டார் நம்மவர்; அல்லது அவர் இவரிடம்.

"என்ன வெலைங்க தம்பி?"

"எண்பதாயிரம் சார்."

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். "ஸ்டாண்டு எங்க?"

"கிடையாது சார். வெயிட் ஏறிடும்."

"கேரியர்?"

"அதுவும் இல்லைங்க."

"மட்கார்டு?"

இளைஞர் சிரித்தார். நம்மவர் சிரிக்கவில்லை. "பெல்லாவது குடுத்தானா?" அதுவும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு எண்பதாயிரத்துக்குத் தலையில் கட்டியிருக்கிறான் என்ற வருத்தத்தோடு அவர் ஊர் திரும்பினார். அந்த வாரம் பூராவும் டீக்கடையில் அதே பேச்சு. அதோடு ஒட்டி, அட்லஸ் சைக்கிள் கதையையும் சொல்லாமல் விடமாட்டார்: சாஹிபாபாத்தில் மிஞ்சியிருந்த அவர்களுடைய தொழிற்சாலை 2020 ஜூன் 3-ஆம் தேதி மூடப்பட்டது. அன்றைக்கு உலகச் சைக்கிள் தினம். "வாழ்த்துச் சொல்லிட்டுப் பூட்டுனாங்களா, பூட்டிட்டுச் சொன்னாங்களா தெரியல" என்பார்.

இந்த ரோட்டில் காரில் போகிற உங்களுக்கு ஒரு வார்த்தை. பூந்துருத்திக்கோ வேதிகுடிக்கோ வழி தெரியாமல் நின்றால், பாலத்துச் சுவரில் ஒரு கறுப்பு ஹெர்குலிஸ் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. கேட்பதற்கு முன்னால் என்ஜினை மட்டும் அணைத்துவிடுங்கள். டீசல் மிச்சமாகும்.