எழுத்துக்கூட்டி ஏமாந்தவங்க

ஏலே பேராண்டி, ஓவியக் கண்காட்சிக்குப் போறேன்னு பவுடரெல்லாம் பூசிக் கிளம்பிட்டே. போயிட்டு வா. ஆனா இந்தக் கிழவன் சொல்லுத புத்தியையும் மடியில முடிஞ்சுக்கோ. அங்க ஒண்ணும் விளங்கலைன்னா வாயைத் தொறந்துடாதே. மோவாயைத் தடவு, ரெண்டடி பின்னால போய்த் தலையைச் சாய்ச்சுப் பாரு, ‘ம்ம்ம்’னு ஒரு முனகல் விடு. பக்கத்துல நிக்கவனும் விளங்காமத்தான் நிக்கான். உன் முனகலைக் கேட்டதும் அவனும் முனகுவான். அப்புறம் என்ன, ரெண்டு பேரும் ரசிகர்தான்.

சிரிக்காதலே. 1988-ல பெய்ஜிங்ல படிச்ச கூட்டத்தையே இப்படி முனக விட்டவர் ஒருத்தர் இருக்காரு. சூ பிங்னு பேரு, சீனக் கலைஞர். அப்பாவுக்குப் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையில வேலை, அம்மாவுக்கு நூலகவியல் துறையில. புஸ்தகத்துக்கு நடுவுலேயே வளந்த பிள்ளை. ஆனா அந்தக் காலத்துச் சீனாவுல, ஒரு எழுத்தைக் கத்து முடிக்குமுன்ன சர்க்கார் அதைச் சுருக்கி வேற எழுத்தாக்கிடும். வாத்தியாருக்கே தலை சுத்தியிருக்கும். சீனத் தலைவர் மாவோவோட கலாசாரப் புரட்சி வந்ததும் படிச்ச பிள்ளைகளை வயக்காட்டுக்கு அனுப்பினாகள்லா, அதுல இவரும் ஒரு கிராமத்துக்குப் போனாரு. எழுத்து பண்ணுத சேட்டையெல்லாம் சின்ன வயசுலேயே பாத்த மனுசன்.

அவர் என்ன செஞ்சாரு தெரியுமா? 1987-ல மரக்கட்டையையும் உளியையும் எடுத்துக்கிட்டு உக்காந்தாரு. ஒவ்வொரு கட்டையிலயும் ஒரு எழுத்து, அச்சுல நேரா விழணும்னு இடவலம் மாத்திச் செதுக்கினது. பாதி வேலையிலதான் 1988-ல காட்சிக்கு வச்சது; 1991-ல முழுசா முடியும்போது 4000 எழுத்துக்கிட்ட ஆயிருந்தது. நூலால தைச்ச புஸ்தகம், நீல அட்டை, பக்க எண், ஓரக்குறிப்பு, எல்லாம் பழைய மரபுப்படி. கூரையிலேருந்து நீளநீளமான தாள்சுருள் தொங்குது, தரையில புஸ்தகம் வரிசையா விரிஞ்சு கிடக்கு. ஆனா அதுல ஒரு எழுத்துகூட வாசிக்க முடியாது. அம்புட்டும் அவரா உண்டாக்கினது! ‘விண்ணிலிருந்து வந்த புத்தகம்’னு அதுக்குப் பேரு.

கிறுக்கினதா இருந்தா யாரும் ஏமாறமாட்டான். சீன எழுத்துல தண்ணி சம்பந்தப்பட்டதுன்னா இடதுபக்கம் மூணு சொட்டு வரும், செடி கொடின்னா தலைமேல புல்லு முளைச்சிருக்கும். அந்த உறுப்பையெல்லாம் இலக்கணம் பிசகாம எடுத்துச் சேர்த்திருக்காரு. பாத்தவுடனே தெரிஞ்ச எழுத்துதான்னு தோணும். கிட்டப் போனா சத்தமும் கிடையாது, பொருளும் கிடையாது. பந்தியில உக்கார வச்சு, இலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பும் வச்சுட்டு, சோறு போடாம விட்ட கதைதான்.

அந்தப் பந்தியில எவன் பட்டினி தெரியுமா? படிச்சவன்தான். தமக்குத் தெரிஞ்ச எழுத்து ஒண்ணாவது அகப்படாதான்னு வயசான பேராசிரியர்மாரு திரும்பத் திரும்ப வந்து தேடினாகளாம். எழுத்து வாசனையே இல்லாதவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை பாரு. அவனுக்கு எந்தப் புஸ்தகமும் இப்படித்தான்.

1989-ல மாணவர் போராட்டத்தைச் சர்க்கார் அடக்கினதுக்கு அப்புறம், சர்க்கார் பக்கத்து விமரிசகர்கள் அவரை வறுத்து எடுத்துட்டாங்க. ஒரு பொருளும் இல்லாத புஸ்தகத்துல என்னடா குத்தம்னு கேக்கே. பொருள் இல்லேங்கதுதான் குத்தம்! திட்டி எழுதியிருந்தா எந்த வரின்னு சுட்டிக்காட்டிப் பிடிச்சிருக்கலாம். 1990-ல மனுசன் அமெரிக்காவுக்குப் போயிட்டாரு.

அங்க போயும் கை சும்மா இருக்கலை. இங்கிலீஷ் வார்த்தையை மடக்கி நெளிச்சு, சீன எழுத்துக்கணக்கா ஒரு கட்டத்துக்குள்ள அடைச்சாரு. சீனாக்காரன் ‘நம்ம எழுத்துல்லா’ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வருவான், ஒண்ணும் ஓடாது. இங்கிலீஷ்காரன் ‘நமக்கெங்க தெரியப் போகுது’ன்னு ஒதுங்கி நிப்பான், கொஞ்சம் உத்துப் பாத்தா கடகடன்னு வாசிச்சிடுவான். 1999-ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்து வாசல்லயே, கலை மக்களுக்காகன்னு மாவோ வாக்கை இந்த எழுத்துல எழுதித் தொங்க விட்டாரு. குசும்பு கொஞ்சமா?

பன்னி கதையும் சொல்லிடுதேன், ஆச்சி காதுல விழாம கேளு. 1994-ல பெய்ஜிங்ல ஒரு பட்டி போட்டு, தரையெல்லாம் புஸ்தகத்தைப் பரப்பி, ரெண்டு பன்னியை விட்டாரு. ஆண் பன்னி உடம்புல பொருளில்லாத ரோமன் எழுத்து; பொட்டைப் பன்னி உடம்புல பொய்ச் சீன எழுத்து. அதுக ரெண்டும் தன் சோலியைப் பாத்துது. கூச்சப்பட்டு நெளிஞ்சதெல்லாம் சுத்தி நின்ன ஆளுகதான். 2017-ல நியூயார்க்ல குகன்ஹைம் அருங்காட்சியகம் அதைப் பிடிச்ச வீடியோவைக் காட்டப் போனப்ப, மிருகநேசர்கள் போராடி, மிரட்டலும் வந்து, தொறக்குமுன்னயே எடுத்துட்டாங்க. பன்னிக சார்பா யாரோ பேசிட்டாக. முதுகுல என்ன எழுதியிருக்குன்னு அதுகளுக்கு எவனும் வாசிச்சுச் சொல்லலை.

அப்புறம் ஒருநாள், மென்ன கம்மை தாள்ல சுருட்டிக் குப்பையில போடுன்னு சூயிங்கம் உறையில குட்டிக்குட்டிப் படம் போட்டிருந்ததைப் பாத்தாரு. 2003-ல அதைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சது ‘மண்ணிலிருந்து வந்த புத்தகம்’. ஆபீஸ்காரன் ஒருத்தனோட ஒருநாள் பொழப்பு, முழுக்கக் குறிப்படமும் செல்போன் பொம்மையுந்தான். மொழிபெயர்ப்பே தேவையில்லை.

கண்காட்சியில முனகினது போதும்னா, வரும்போது புஸ்தகக் கடையில அதைக் கேட்டுப் பாரு. கிடைச்சா எனக்கு ஒண்ணு வாங்கு. உனக்கு எங்கயாச்சும் விளங்காட்டா என்கிட்டக் கொண்டா, வாசிச்சுச் சொல்லுதேன்.