அவர்களே: சேலம், நாமக்கல் சமவெளியின் மேடைத் துணிவு குறித்து ஓர் ஆராய்ச்சி

மேடையேறியவருக்கு முழங்கால் ஏன் ஆடுகிறது என்று வள்ளுவர் ஆராயவில்லை. 73ஆம் அதிகாரம் முழுவதையும் அவையஞ்சாமைக்கு ஒதுக்கியவர், அஞ்சாமல் மறுமொழி சொல்ல நூல் கற்கச் சொல்கிறார், அஞ்சுகிறவர்களை ஏசுகிறார். மைக்கைப் பிடிக்காத கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற அடிப்படைச் சிக்கலுக்குப் பத்துக் குறளில் ஒன்றுகூட இல்லை. அக்குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு.

ஆய்வுக் களம், மேட்டூரிலிருந்து மோகனூர் வரை. இங்கே பேச்சாளருக்குப் பஞ்சமில்லை. 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார் சேலத்து வக்கீல். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜியும் அதே தொழில். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி சேலத்தில் கூடி, அண்ணாவின் தீர்மானத்தால் திராவிடர் கழகமாகப் பேர் மாறிற்று. ஆனால் பெரியவர்களின் துணிவு ஆய்வுக்கு உதவாது. நமக்கு வேண்டியவர், பள்ளி ஆண்டு விழாவில் "நாலு வார்த்தை பேசுங்க" என்று மேடைக்குத் தள்ளிவிடப்படும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்.

அவர் தயாராகாமல் வந்தவரல்லர். விடிகாலையில் பண்ணைக்குள் நின்று முழங்கிப் பார்த்தவர். ஆயிரக்கணக்கான கோழிகள் முன் கணீரென்றிருந்த குரல், முந்நூறு பெற்றோர் முன் கம்முவானேன்? கோழிகள் செல்போன் பார்ப்பதில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. சட்டைப்பையில் குறிப்புச் சீட்டும் உண்டு. பங்குனி வேர்வையில் அது நனைந்து, 'கல்வியின்' என்பதற்கு அப்புறம் எல்லாம் நீலமாகியிருக்கும்.

இங்கேதான் தொல்காப்பியர் கைகொடுக்கிறார். சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று தனி இயலே வகுத்திருக்கிறார். எட்டாம் வேற்றுமையின் மருத்துவப் பயனை உரையாசிரியர்கள் கவனிக்காமல் விட்டது வியப்பு. "விழாத் தலைவர் அவர்களே" என்றதும் மூச்சு சீராகிறது. "தலைமையாசிரியர் அவர்களே" என்கையில் முழங்கால் நிற்கிறது. "பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே" என்று நீட்டும்போது, அந்த இன்னொரு கை தானாக எழுந்து வரிசையைச் சுட்டுகிறது. பெயர் சொல்வதற்குக் கருத்து தேவையில்லை; கருத்து இல்லாத இடத்தில் மறதிக்கும் வேலையில்லை.

ஆபத்து, பட்டியல் தீரும் கணத்தில். அனுபவசாலிகள் அதைத் தீரவிடுவதில்லை. பந்தல் போட்டவர், மைக் செட்காரர், சாப்பாட்டுப் பொறுப்பாளர், காவல்துறை நண்பர்கள், தாய்மார்கள், கடைசியாக மதில்மேல் உட்கார்ந்திருக்கும் இளைஞர் பட்டாளம். மைக் செட்காரர் தம் பெயரைக் கேட்டுப் பூரித்து ஒலியைக் கூட்டுவார். அது தனிப் பயன்.

இப்படிப் பதினைந்து நிமிடம் போனபின், மேடையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு கைமாறிக் கைமாறி வரும். பேச்சாளர் முகம் வாடும். 'முடிக்கவும்' என்றிருந்தாலும் பரவாயில்லை, 'விஷயத்துக்கு வரவும்' என்றிருந்தால்? பிரித்துப் பார்ப்பார். விடுபட்டுப்போன ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயர். தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டியலை முதலிலிருந்து தொடங்குவார்.