பென்னிகுயிக் அளவுகோல்: கம்பம் பள்ளத்தாக்கின் டீக்கடைப் பெஞ்சுகளில் அறிவியல் செய்திகள் மதிப்பிடப்படும் முறை குறித்து ஓர் ஆய்வு

தேனி மாவட்டத்தில் பொறியியலுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் முல்லைப் பெரியாறு அணை. ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை. இரண்டுக்கும் நடுவே, நியூட்ரினோ ஆய்வகம் வருவதாக இருந்து வராமலே நிற்கிற பொட்டிப்புரத்து மலை. சுண்ணாம்பும் தெர்மாகோலும் அணுவினும் சிறிய துகளும் ஒரே பஸ் ரூட்டில் கிடைப்பது அரிது. இருந்தும், இவை குறித்த செய்திகளை இங்குள்ள டீக்கடைப் பெஞ்சுகள் எந்த முறைப்படி எடைபோடுகின்றன என்று ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை இயன்றவரை போக்குகிறது.

முதலில் ஆய்வுக்களம். பெஞ்சு என்பது ஒரு கால் செங்கல்லின் மேல் நிற்கும் மரப்பலகை. அவை கூடுவதற்குக் குறைந்தது மூவர் வேண்டும்: செய்தியை உரக்க வாசிப்பவர், வாசித்து முடியும் முன்பே மறுப்பவர், “என்னாது?” என்று கேட்பவர். டீ மாஸ்டர் இவர்களில் சேரமாட்டார். அவர் ஆற்றுகிற டீயின் உயரத்தைக் கொண்டுதான் அவருடைய சம்மதத்தை அறிய முடியும். காலத்தின் அலகு ‘சிங்கிள்’. ஒரு சிங்கிள் டீ முடிவதற்குள் தீர்ப்பு வராத எந்த அறிவியல் சிக்கலும் தள்ளுபடியாகும்.

கருவி, செய்தித்தாள். இதில் முறையியல் சார்ந்த ஒரு நுட்பம் உண்டு. டீக்கடைத் தாள் எப்போதும் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாக இருக்கும். ஆகவே எந்த அறிவியல் செய்தியும் பெஞ்சுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. ‘தொடர்ச்சி 7-ஆம் பக்கம்’ என்ற இடத்தோடு நின்றுவிடும். ஏழாம் பக்கம் வேறொருவர் கையில் இருக்கிறது, அவர் ராசிபலன் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேல்நாட்டு ஆய்விதழ்களில் முடிவுரையை ஆய்வாளர் எழுதுவார். இங்கே அந்தப் பொறுப்பைப் பெஞ்சே ஏற்றுக்கொள்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். இவர்கள் எண்களை அறியாதவர்களாயிற்றே, இவர்களுடைய கருத்தை ஆய்வுக்கு எடுக்கலாமா என்பார் சிலர். அற்றன்று. இந்தப் பள்ளத்தாக்கில் தாளைக் கையில் வாங்கியதும் கண் முதலில் போகும் இடம் அணை நீர்மட்டம். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று பள்ளிக்கூடம் பாதியில் விட்டவரும் கன அடிக் கணக்கில் சொல்வார். 142, 71 என்ற இரண்டு எண்களையும் பிறந்தநாளை மறந்தவர்கூட மறப்பதில்லை.

இனி அளவுகோல் பிறந்த கதை. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது பெரியாறு அணை. கட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். பாதி கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, அரசு மேற்கொண்டு பணம் தரவில்லை, மனிதர் சீமைக்குப் போய்ச் சொத்தை விற்றுக்கொண்டு வந்து கட்டி முடித்தார் என்பது இங்கே வழங்கும் வரலாறு. சொத்து விற்றதற்கு ஆவணம் எங்கே என்று கேட்கும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பக்கம் டீ கிடைப்பது சிரமம். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பென்னிகுயிக் படம் இருக்கும், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருப்பார்கள், அவர் பிறந்த சனவரி 15-ஆம் தேதி பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்பில் 2013-இல் அரசே மணிமண்டபம் கட்டியது.

இதிலிருந்து பெஞ்சு வடித்தெடுத்த கோட்பாடு எளியது: பொறியாளர் அந்த வேலைக்காகத் தன்னுடையது எதையாவது இழந்திருந்தால் வேலை உறுதி, இழக்கவில்லை என்றால் சந்தேகம். வடிவமைப்பு, கலவை விகிதம், பாதுகாப்புக் காரணி எல்லாம் இதற்குப் பிறகுதான். இதையே நான் பென்னிகுயிக் அளவுகோல் என்கிறேன்.

அணையின் கலவை குறித்த பெஞ்சின் நிலைப்பாட்டை இங்கே பதிவுசெய்வது கடமை. பெரியாறு அணை சிமெண்டால் கட்டியதன்று. சுண்ணாம்பும், சுருக்கி எனப்படும் செங்கல் தூளும் சேர்ந்த கலவை. “சிமெண்டுக்கு வயசாகும்ணே, சுண்ணாம்பு நாளாக நாளாகத்தேன் கல்லாகும்” என்பது பெஞ்சின் முடிபு. இதில் பாதி உண்மை. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகும். மறுபாதியைப் பெஞ்சு வாசிப்பதில்லை: கசியும் நீர் அதே சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டும் போகும். அதற்காகத்தான் 1979-க்குப் பிறகு அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள், இரும்பு வடங்களை அடிப்பாறைவரை இறக்கி இறுக்கினார்கள், முதுகில் கான்கிரீட் கட்டி முட்டுக்கொடுத்தார்கள். சிமெண்டை இகழும் பெஞ்சுக்கு அணை இன்று சிமெண்டுச் சட்டை போட்டிருப்பது தெரியும். அதைப் பேசுவது மரியாதையில்லை என்று விட்டுவிடுகிறது.

ஒப்பாய்வுக்காகக் குமுளி வரை செல்ல நேர்ந்தது. அங்கே சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கக் கடையில் அணை இன்னும் ஆயிரம் வருடம் நிற்கும். அந்தப் பக்கக் கடையில் இன்று இரவு தாங்குமா என்பது கேள்வி. அதே அணை, அதே சுண்ணாம்பு, ஏறக்குறைய அதே தேயிலை. சில நூறு அடி நடையில் ஒரு பொறியியல் கருத்து இப்படித் தலைகீழாகக் கவிழும் இடம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. காரணம் மரபணுவில் இல்லை. அந்தப் பக்கத்தார் அணைக்குக் கீழே குடியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தார் தண்ணீர் வெளியே வரும் சுரங்கத்தின் வாயில் குடியிருக்கிறார்கள். நீதியரசர் ஆனந்த் குழு அணை உறுதியாக இருப்பதாக 2012-இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்று 2014-இல் சொன்னது. இரண்டு கடைகளிலும் ஒருவர்கூடக் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சான்றில்லை.

அடுத்து நியூட்ரினோ. அளவுகோல் மிகக் கடுமையாகப் பாய்ந்தது இதன்மேல்தான். பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து, மேலே சுமார் ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கும்படி ஒரு குகை அமைத்து, அதனுள் 50,000 டன் காந்த இரும்பை அடுக்கி நியூட்ரினோவைப் பிடிப்பது திட்டம். மதிப்பு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒரு கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்குச் சுமார் 6,500 கோடி போகின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை என்று விளக்கினார்கள். அச்சத்தைப் போக்கச் சொன்ன இந்தத் தகவல்தான் அச்சத்தின் ஊற்றாயிற்று. “அப்ப இம்புட்டு நாளா நம்மளக் கேக்காமத்தேன் உள்ள போயிட்டு வருதா?” என்று ஒருவர் நகத்தைப் பார்த்தபடி கேட்டார்.

அங்கிருந்த பெரியவர் ஒருவர் எழுப்பிய கேள்வி இத்துறையின் சிகரம்: “எல்லாத்தையும் ஊடுருவிப் போகுதுன்னா, வெட்டவெளியில வச்சுப் பிடிக்க வேண்டியதுதானப்பா? மலைய எதுக்குக் குடையுறாய்ங்க?” இதைவிடச் சரியான கேள்வியை எந்த இயற்பியல் மாணவரும் கேட்டுவிட முடியாது. வெளியில் வைத்தால் விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான்கள் கருவியை நிறைத்துவிடும். அந்த இரைச்சலைப் பாறை வடிகட்டும், நியூட்ரினோ மட்டும் பாறையைத் தாண்டி வரும். விடை இவ்வளவுதான். ஆனால் கேள்வி வந்தபோது விடை சொல்லக்கூடியவர் எவரும் பெஞ்சில் இல்லை, சிங்கிளும் முடிந்துவிட்டது.

1965-இல் கோலார் தங்கவயலில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. உலகில் முதன்முதலாகப் பதிவானவற்றில் அது ஒன்று. அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இதைப் பெஞ்சில் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். “அது தங்கத்துக்குத் தோண்டுன குழி. இது வேற” என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் அளவுகோல் வந்தது. “இவிங்க எதை வித்தாய்ங்க? மாசாமாசம் சம்பளம் பேங்க்ல விழுகுது.” திட்டம் தோற்றது. கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்தில் இருக்க வெடி வைக்கலாமா என்பது முதலான கேள்விகள் நியாயமானவை, அவற்றுக்கு நேரத்தில் பதில் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பெஞ்சு அதைத் தன் தீர்ப்பை மேல்முறையீட்டில் உறுதிசெய்ததாக எடுத்துக்கொண்டது.

வைகை அணைத் தெர்மாகோல் உலகம் அறிந்தது. 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்கவென்று தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி நீரில் மிதக்கவிட்டார்கள். திட்டத்துக்கு 10 லட்சம் ரூபாய். வந்திருந்த காமிராக்கள் கிளம்பும் முன்பே காற்று அட்டைகளைக் கரைக்குத் திருப்பி அனுப்பியது. தமிழ்நாடே சிரித்தது. இங்கே நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்ட விரும்புகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் யோசனையையே கேலி செய்தார்கள். வைகைக்கரைப் பெஞ்சோ “மூடுறது சரிதேன். வெயிட்டு கட்டாம விட்டதுதேன் தப்பு” என்றது. இரண்டாண்டுகளுக்கு முன், 2015-இல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகர நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். வெயிலில் நீரில் புரோமேட் என்ற நச்சு உருவாகாமல் தடுப்பது முதல் நோக்கம், ஆவியாதலைக் குறைப்பது கூடக் கிடைத்த பலன். காற்றில் பறக்காதிருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளும் எடைக்காகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஆக, பெஞ்சின் பொறியியல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சியின் பொறியியலுக்கு ஒப்பானது. இருந்தும் வைகைத் திட்டம் அளவுகோலில் தோற்றது. யாரும் எதையும் விற்கவில்லையே.

சந்திரயானைப் பெஞ்சு நடத்திய விதம் வேறு. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் லேண்டர் தரையிறங்கும் நேரத்தில் தொடர்பு அறுந்தது. மறுநாள் தாளில் இஸ்ரோ தலைவர் சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழும் படம். தொழில்நுட்பக் காரணம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. “மனுசன் அழுதுட்டான்யா” என்பதோடு விசாரணை முடிந்தது. கண்ணீர் சொத்துக்கு ஈடாக ஏற்கப்பட்டது. 2023 ஆகஸ்டு 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 இறங்கியது. விழுப்புரத்துக்காரரான திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், தமிழ்நாடு அரசு பரிசாகத் தந்த 25 லட்சம் ரூபாயைத் தான் படித்த கல்வி நிலையங்களுக்கே கொடுத்துவிட்டார். லேண்டர் எந்த அட்சரேகையில் இறங்கியது, ஏன் அமெரிக்கர்கள் நாலு நாளில் போன தூரத்துக்கு நாம் நாற்பது நாள் எடுத்துக்கொண்டோம் என்பதெல்லாம் பெஞ்சில் நிற்கவில்லை. அந்த 25 லட்சம் மட்டும் காசு குறையாமல் நிற்கிறது. “இவருதேன் நம்ம பென்னிகுயிக்” என்று ஒருவர் சொன்னபோது மாஸ்டர் டீயை வழக்கத்தைவிட ஒரு முழம் உயர்த்தி ஆற்றினார்.

அளவுகோலின் குறையை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. 1996-இல் பக்கத்து மாவட்டத்து இளைஞர் ஒருவர் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். சென்னை ஐ.ஐ.டி. வரை சோதனை போயிற்று. 2016-இல் சென்னை சி.பி.ஐ. நீதிமன்றம் மோசடி என்று தண்டனை விதித்தது. வேறெந்த அளவுகோலுக்கும் இது போதுமான சான்று. பெஞ்சுக்கோ இதுவே எதிர்ச்சான்று: “இருவது வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சிருக்கான். பொய் சொல்றவன் அம்புட்டு அலைவானா? பெட்ரோல் கம்பெனிக்காரய்ங்க அமுக்கிட்டாய்ங்க.” இழந்தவன் சொன்னதெல்லாம் மெய் என்று கொண்டால், தண்டனை பெற்றவரெல்லாம் விஞ்ஞானியாகிவிடுவார். இந்த ஓட்டையை அடைக்க நான் முன்மொழிந்த திருத்தங்கள் எவையும் ஏற்கப்படவில்லை.

இறுதியாக, செயற்கை நுண்ணறிவு. கதிர் அடிக்கும் இயந்திரம் வந்தபோது என்ன ஆயிற்றோ அதுதான் ஆகும் என்று ஒரு தரப்பும், தன் பேரனுக்கு அது வீட்டுப்பாடம் எழுதிக் கொடுப்பதால் நல்லதே என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. வழக்கம்போல மூத்தவர் குறுக்கிட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. அது எதை வித்துச்சு?”

“நம்மளத்தேன் மாமா. நம்ம போட்டோ, நம்ம பேச்சு, எல்லாத்தையும்.”

இழந்தவர் பொறியாளராக இல்லாமல் பெஞ்சாகவே இருந்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு முன்மாதிரி கிடையாது. அதற்குள் போடி பஸ் வந்துவிட்டது. மறுத்துப் பேசுபவர் அதில் ஏறிக்கொண்டதால் அவை கூடுவதற்கான எண்ணிக்கை குறைந்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.